ஒரு சாண் பட்டில் ஒரு பட்டாளம்

பழைய படைக்கொடி ஒன்றை முதன்முறையாக விரித்துப் பார்ப்பவர்கள் அதன் அளவைக் கண்டுதான் திகைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் காலாட்படைப் பட்டாளங்கள் ஏந்திச் சென்ற பட்டுக்கொடி, கம்பத்தை ஒட்டி ஆறடி உயரமும் காற்றில் விரியும் திசையில் ஆறரை அடி நீளமும் உடையது. ஈட்டிமுனையோடு சேர்த்தால் கம்பம் ஏறத்தாழப் பத்தடி வரும். பட்டாளத்துக்கு இரண்டு கொடிகள். ஒன்று பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடியையே முழுப் பரப்பாகக் கொண்ட அரசக் கொடி. மற்றொன்று, அந்தப் பட்டாளத்துச் சட்டையின் கழுத்துப்பட்டைக்கும் கைமடிப்புக்கும் உரிய நிறத்தில் அமைந்த பட்டாளக் கொடி. இவ்வளவு பெரிய பட்டுத் துணியை, மழையில் நனைந்தால் இரண்டு பங்கு கனக்கும் துணியை, பெரும்பாலும் மீசை அரும்பாத இளம் அதிகாரிகளே போர்க்களத்தில் தூக்கிப் பிடித்தார்கள். எதிரியின் துப்பாக்கிகள் முதலில் குறி வைத்ததும் அவர்களைத்தான். 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேராவில், லெப்டினன்ட் மேத்யூ லேதம் என்பவர் ஒரு கையையும் மூக்கையும் வாள்வெட்டுக்கு இழந்த பிறகும், கொடியைக் கம்பத்திலிருந்து பிய்த்துத் தம் சட்டைக்குள் மறைத்துக் காப்பாற்றினார்.

இத்தகைய கொடிகளின் மீது எனக்கு ஈடுபாடு உண்டு என்று சொன்னால், பினாங்கில் என் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: வெள்ளைக்காரன் பட்டாளத்துக் கொடியை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? நியாயமான கேள்வி. விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குப் பொது மருத்துவமனைக்கு அருகில் சிப்பாய் லைன்ஸ் சாலை என்று ஒரு சாலை இன்றும் இருக்கிறது. அங்கே குடியிருந்த சிப்பாய்கள் யார்? 1786 இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவில் கொடியேற்றிய நாளில் அவரோடு வங்காளப் படையினர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1830கள் முதல், நீரிணைக் குடியேற்றங்கள் 1867 இல் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போகும் வரை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் சென்னைப் படையினர். தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எல்லோரும் கலந்த படை அது. 1831 இல் மலாக்காவை ஒட்டிய நானிங்கில் அதன் தலைவர் டோல் சாயிதுக்கு எதிராகப் போய்ப் பின்வாங்கியவர்களும், மறு ஆண்டு திரும்பிப் போனவர்களும் அவர்களே. அந்தச் சிப்பாய்ப் பட்டாளங்களும் ஆங்கிலேயப் பட்டாளங்களைப் போலவே இரண்டிரண்டு பட்டுக்கொடிகளை வைத்திருந்தன. படையில் சேரும் சிப்பாய் அந்தக் கொடியின் முன் நின்றுதான் உறுதிமொழி எடுத்தான். கோயில் கொடியேற்றத்தையும் நாகூர்க் கந்தூரிக் கொடியேற்றத்தையும் பார்த்து வளர்ந்த ஒருவனுக்குக் கொடியின் முன் கைகூப்பி நிற்பது புதிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய கொடிகளில் இருந்தவை வெறும் எண்கள் மட்டுமல்ல. 1803 செப்டம்பர் 23 அன்று மராட்டியருக்கு எதிராக நடந்த அசாயே போரில் நின்ற படைகளுக்கு யானைச் சின்னம் பொறித்த தனிக்கொடி கௌரவமாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவற்றில் சென்னைப் படையின் பட்டாளங்களும் உண்டு. 1811 இல் ஜாவாவுக்குப் போன பெரும்படை இந்த நீரிணை வழியாகத்தான் போயிற்று. ‘ஜாவா’ என்ற சொல் சென்னைச் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்குப் போர்ச்சிறப்பாக வந்து சேர்ந்தது. அபினிப் போர் எனப்படும் சீனப் போரில், 1841 மே மாதம், கான்டன் நகருக்கு வெளியே பெருமழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வேலை செய்யாத நிலையில் சென்னைப் படையின் 37 ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி, ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் சூழ்ந்துகொண்டபோதும் துப்பாக்கி முனைக் கத்திகளாலேயே தாக்குப்பிடித்து நின்றது. அந்தப் போருக்குப் பிறகு ‘சீனா’ என்ற சொல்லும் டிராகன் சின்னமும் சென்னைப் பட்டாளங்களுக்கு வந்தன. யானையும் டிராகனும் பொறித்த இந்தக் கொடிகளைத்தான் நான் தேடுகிறேன். கிடைப்பவை பெரும்பாலும் வேறு கொடிகள். சேகரிப்பவனின் விருப்பத்தைச் சந்தை பொருட்படுத்துவதில்லை.

ஒரு கொடி எந்தக் காலத்தது என்று அறிய முதல் கருவி அளவுநாடா. மேலே சொன்ன பெரிய அளவு 1855 இல் சற்றே குறைக்கப்பட்டது. 1858 இல் நாலடிக்கு மூன்றரை அடி என்று ஒரேயடியாகச் சுருக்கப்பட்டது. 1868 இல் மூன்றே முக்கால் அடிக்கு மூன்றடி ஆயிற்று. கம்பத்தின் உச்சியில் ஈட்டிமுனை இருந்த இடத்தில் கிரீடத்தின்மேல் நிற்கும் சிங்கம் வந்ததும் அந்த 1850களின் இறுதியில்தான். எனவே நாலடிக் கொடி ஒன்றை 1815 இல் வாட்டர்லூவில் பறந்த கொடி என்று எவராவது நீட்டினால், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை. யூனியன் பகுதியில் அயர்லாந்துக்கு உரிய, மூலைக்கு மூலை ஓடும் செந்நிறப் பட்டை இருந்தால் அது 1801 க்குப் பிந்தியது. சென்னைப் படையைப் பொறுத்தவரை 1824 ஒரு கோடு: அதற்கு முன் ஒரு பட்டாளத்தின் முதல் அணி, இரண்டாம் அணி என்று எண்ணப்பட்டவை, அந்த ஆண்டு தனித்தனிப் பட்டாளங்களாக்கப்பட்டுப் புது எண் பெற்றன. எண்ணை எழுதியிருக்கும் முறையே கொடியின் வயதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது கருவி தையல். கடைத் தெருவில் நெடுங்காலமாகத் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பாய் இதில் எனக்கு ஆசான். இராணுவ வரலாற்றில் அவருக்கு நாட்டமில்லை. ஆனால் துணியைக் கையில் கொடுத்தால் அதை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, விளிம்பை நகத்தால் மெல்ல நீவி, தைத்தவரின் பழக்கத்தையே சொல்லிவிடுவார். நான் கொண்டுபோன யூனியன் கொடித் துண்டு ஒன்றைப் பார்த்து, “இது மெஷின் பாக்காத துணி, தம்பி. ஒவ்வொரு தையலும் ஒரே நீளத்துல இல்ல பாருங்க. தச்ச ஆளு இந்த இடத்துல நூலு மாத்தியிருக்கா. பொம்பளக் கைதான், ரொம்ப நிதானமான கை” என்றார். துண்டைத் திருப்பிப் பார்த்து அவர் காட்டிய இன்னொன்று எனக்கு அதுவரை பிடிபடாதது: சிலுவைப் பட்டைகள் அடித்துணியின் மேல் வைத்துத் தைக்கப்படவில்லை. அடித்துணியை அந்த வடிவத்துக்கு வெட்டியெடுத்து, இடைவெளியில் வேறு நிறப் பட்டுத் துண்டைப் பொருத்தி, இரண்டு விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இருபுறமும் தைத்திருந்தார்கள். அதனால் கொடியின் முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடே இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே தெளிவு. மெல்லிய பட்டில் இதைச் சுருக்கம் விழாமல் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, “இன்னைக்கு யாரும் ஒத்துக்க மாட்டாங்க” என்பதே அவருடைய மதிப்பீடு.

தையல் இயந்திரம் 1850களில்தான் பரவத் தொடங்கியது. ஆகவே நெப்போலியன் காலத்துக் கொடி என்று சொல்லப்படுவதில் இருபுறமும் ஒரே சீராக ஓடும் இயந்திரத் தையல் இருந்தால் அது பின்னாளில் செய்ததாக இருக்கும். குறைந்தது, பின்னாளில் கைவைக்கப்பட்டதாக இருக்கும். சாயமும் சாட்சி சொல்லும். வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856 இல். மஞ்சிட்டிச் சிவப்பின் செயற்கை வடிவம் 1869 அளவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய சிவப்பு மஞ்சிட்டியிலிருந்தோ கொச்சினீல் பூச்சியிலிருந்தோ வந்திருக்க வேண்டும், நீலம் அவுரியிலிருந்து. வேதியியல் சோதனைக்கு வசதி இல்லாதவர்களும் புற ஊதா விளக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். 1940களுக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டிகள் கலந்த நூல் அந்த வெளிச்சத்தில் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஏலத்துக்கு வந்த ஒரு ‘கிரிமியப் போர்க் கொடி’யின் ஓரத் தையல் முழுவதும் இப்படி ஒளிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். துணி பழையதுதான், அதைக் கொடியாக்கிய கை புதியது.

இவற்றுக்கெல்லாம் மேலானது, ஒரு பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்ற வரலாறு. 1805 இல் நடந்த டிரபால்கர் கடற்போரில் ஸ்பார்ஷியேட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பறந்த யூனியன் கொடி ஒன்று 2009 அக்டோபர் 21 அன்று லண்டனில் 3 லட்சத்து 84 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. மேலே குண்டுத் துளைகள் இருந்தன, கம்பளி நூலில் நெய்த கப்பற்கொடித் துணி உறுதியாக இருந்தது, எல்லாம் சரி. ஆனால் அந்த விலைக்குக் காரணம், சாதாரண மாலுமியாகத் தொடங்கி அதிகாரியாக உயர்ந்த ஜேம்ஸ் கிளெஃபன் என்பவருக்குக் கப்பல் ஊழியர்களே அன்போடு அதைக் கொடுத்ததும், அவருடைய வழிவந்தவர்கள் கைவிடாமல் வைத்திருந்ததும்தான். அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தால் அது ஓர் ஓட்டைவிழுந்த பழைய கொடி. பட்டாளக் கொடிகள் தனியார் வீடுகளுக்கு வந்த வழியும் இப்படி ஒரு நிர்வாக ஏற்பாட்டால் அமைந்தது. 1850களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் பட்டாளத்தின் கர்னல்தான் தம் பணத்தில் கொடியைச் செய்து கொடுத்தார். புதுக்கொடி வந்ததும் பழையது அவருக்கே சொந்தமாயிற்று. அவருடைய மாளிகைக் கூடத்திலோ ஊர்த் தேவாலயத்திலோ தொங்கி, பேரன் பேத்திகள் காலத்தில் வெளியே வந்த கொடிகளே இன்று கைமாறுபவற்றில் முறையானவை. பிந்திய கொடிகள் அரசின் சொத்து. யாரும் விற்க வந்தால், எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

முழுக்கொடி வாங்க வசதியுள்ளவர்கள் சிலரே. மற்றவர்களுக்குத் துண்டுகள். துண்டுகளைத் தாழ்வாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; கொடியைத் துண்டாக்கிப் பகிர்ந்துகொள்வது அந்த நூற்றாண்டின் வழக்கமே. 1806 ஜனவரி 9 அன்று, டிரபால்கரில் இறந்த கடற்படைத் தளபதி நெல்சனின் உடலை அடக்கம் செய்தபோது, மடித்து வைக்க வேண்டிய கப்பற்கொடியை விக்டரி கப்பலின் மாலுமிகள் கிழித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். 1814 இல் மெக்ஹென்றி கோட்டைமேல் பறந்த அமெரிக்கக் கொடி 42 அடி நீளம் இருந்தது. கோட்டைத் தளபதியின் குடும்பத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக் கொடுத்து இன்று 34 அடிதான் மிச்சம், ஒரு நட்சத்திரமும் போயிற்று. அந்தக் கொடிக்கு நேர்ந்த இன்னொன்றும் சேகரிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது. 1914 இல் அமிலியா ஃபவுலர் என்ற கொடிச் சீரமைப்பாளரும் அவரோடு வேலை செய்த பெண்களும் அதன் பின்னால் லினன் துணியை வைத்து ஏறத்தாழ 17 லட்சம் தையல்களால் பிணைத்தார்கள். அன்றைக்கு அது மிகச் சிறந்த கைத்திறன். 1999 இல் அந்தத் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுக்க வேண்டி வந்தது.

அதனால்தான் என்னிடம் வரும் எந்தக் கொடியையும் நான் துவைப்பதில்லை, கிழிசலைத் தைப்பதில்லை, ஜரிகையைத் துலக்குவதில்லை. வெள்ளிக் கம்பியில் பொன்பூசிப் பட்டுநூல்மேல் சுற்றிய ஜரிகை கறுத்திருப்பது அதன் வயது. தேய்த்தால் பொன்பூச்சுப் போய்விடும். குண்டு துளைத்த ஓட்டைக்கும், பூச்சி தின்ற ஓட்டைக்கும், சின்னத்தின் பூத்தையல் கனத்தால் இழுபட்டுக் கிழிந்த கிழிசலுக்கும் விளிம்பில் வேறுபாடு உண்டு. ஊசி பட்டால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டேன்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பட்டுதான் பெரும்பாலும் உறுதியாக இருக்கிறது, இறுதிக்காலத்துப் பட்டு தொட்டாலே நீளநீளமாக வெடிக்கிறது. பட்டின் பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறையும். எடைக்கு விற்கும் வியாபாரிகள் அந்தக் குறையை உலோக உப்புகளால் ஈடுகட்டும் பழக்கம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிற்று. அந்த உப்பே பட்டை உள்ளிருந்து அரிக்கிறது, அதற்கு மருந்தில்லை.

பினாங்கின் காற்று இவற்றுக்கெல்லாம் பகை. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், 50 முதல் 55 விழுக்காட்டில் வைக்க வேண்டிய பட்டுத் துணியை அலமாரியில் போட்டு மூடினால் பூஞ்சை வருவது உறுதி. கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி சிறு துண்டுகளுக்குப் போதும். பெரியவற்றை மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் உருட்டி வைக்க வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் சேர்க்காத தாளையே கேட்டு வாங்க வேண்டும். பாட்டி காலத்து வழக்கப்படி பாச்சை உருண்டை போடுவதை விட்டுவிடலாம். அந்துப்பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் உறைய வைப்பதே நல்ல வழி. வண்ணம் தீட்டிய கொடிக்கு மட்டும் அது கூடாது, வண்ணம் வெடித்துவிடும். சுவரில் சட்டம் போட்டு மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் பட்டால் சாயம் மெல்ல மெல்லப் போய்விடும் என்பதால், பார்க்க வேண்டியபோது எடுத்துப் பார்த்து உள்ளே வைப்பதே முறை.

எதிரியிடமிருந்து பறித்த கொடிகள் தனி விவகாரம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைப்பற்றப்பட்ட கொடிகளைத் தென்மாநிலங்களுக்குத் திருப்பித் தர 1905 இல் காங்கிரஸ் தீர்மானித்தது. ஆனாலும் கெட்டிஸ்பர்க்கில் பறிக்கப்பட்ட வெர்ஜீனியா 28 ஆம் பட்டாளத்தின் கொடியை மினசோட்டா இன்னும் தரவில்லை. என்னளவில், பறிக்கப்பட்ட கொடி என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. அது பறிகொடுத்தவர்களுக்கோ பொது அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டியது.

நம்மவர்களின் கொடிகளுக்குத் திரும்புகிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சென்னைச் சிப்பாய்கள், புதுத் தலைப்பாகையையும் நெற்றிக்குறித் தடையையும் ஏற்க மறுத்து, கோட்டையின் கம்பத்தில் மைசூர்ச் சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். எந்தக் கொடியின் முன் உறுதிமொழி எடுத்தார்களோ அதை விட்டு வேறொன்றை உயர்த்துவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஒரே நாளில் அது அடக்கப்பட்டது; கலகத்தில் சேர்ந்த பட்டாளங்களின் எண்களே படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சிய சென்னைப் படையும் 1895 இல் தனிப்படையாக இல்லாமல் போயிற்று. ஆங்கிலேயப் பட்டாளக் கொடிகளுக்குத் தேவாலயமும் கர்னல் வீடும் இருந்தன. 1879 இல் தென்னாப்பிரிக்காவின் ஜூலு போரில் இசாண்டில்வானாவில் இழந்து ஆற்றிலிருந்து மீட்ட 24 ஆம் பட்டாளத்துக் கொடிக்கு விக்டோரியா அரசியே தம் கையால் மலர்வளையம் சூட்டினார், அது இன்றும் பிரெக்கன் பேராலயத்தில் இருக்கிறது. கலைக்கப்பட்ட சிப்பாய்ப் பட்டாளத்தின் கொடிக்கு அப்படிப் போய்ச் சேர ஓர் இடம் இருந்ததா? சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏறிய, 12 அடிக்கு 8 அடிப் பட்டுத் தேசியக்கொடியைக் கண்ணாடிப் பேழைக்குள் எவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, அதே அக்கறையில் ஒரு பங்கு இவற்றுக்கும் கிடைத்திருக்கலாமே என்று தோன்றிற்று.

என் சேகரிப்பில் நான் மிகவும் போற்றுவது ஒரு சாண் அகலமுள்ள மங்கிய மஞ்சள் பட்டுத் துண்டு. இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பொருள்களோடு ஏலத்துக்கு வந்தது. உடன் வந்த உறையின்மேல், ‘எங்கள் சென்னைப் பட்டாளத்துக் கொடி, பினாங்கு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி; பட்டாளத்தின் எண் இருந்த மூலை கிழிந்துபோயிருக்கிறது. கழுத்துப்பட்டைக்கும் கைமடிப்புக்கும் மஞ்சள் நிறம் பல பட்டாளங்களுக்கு இருந்ததால், நிறத்தை வைத்து எண்ணைச் சொல்ல முடியாது. துண்டு சொல்வது இவ்வளவு: பட்டு கனமேற்றப்படாதது, மென்மை குன்றவில்லை, ஒரு விளிம்பு கம்பத்துக்கான உறைப் பகுதி, அங்கே கம்பத்தோடு அடித்த ஆணியின் துருக்கறை வட்டமாகப் படிந்திருக்கிறது, அந்த வட்டத்துக்குச் சற்று மேலே, துணி நெடுக ஒரு கை அகலத்துக்கு, தேய்ந்து பளபளப்பாகியிருக்கிறது. கொடியைத் தூக்கியவர்கள் அந்த இடத்தில் மீண்டும் மீண்டும் பிடித்ததால் ஏற்பட்ட தேய்வாக இருக்கலாம். புற ஊதா விளக்கில் ஒரு நூலும் ஒளிரவில்லை. கடைத் தெரு பாயிடம் காட்டியபோது, அவர் தொடாமலேயே நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “இதை யாருக்கும் குடுத்துடாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

பினாங்கிலும் தைப்பிங்கிலும் மலாக்காவிலும், முன்னோர் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார் என்ற பேச்சு வழிவழியாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனைப் பத்து நாள் ஆட்டிவைத்த கலவரத்தில் கீ ஹின், தோ பே கோங் ஆகிய சீனச் சங்கங்களோடு முறையே அணிசேர்ந்த, மலாய், இந்திய முஸ்லிம்களின் வெண்கொடி, செங்கொடிச் சங்கங்களைப் பற்றிப் பாட்டனார் வழியாகக் கேட்டவர்களும் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டுப் பெட்டியின் அடியில் பழந்துணியோ, பித்தளைப் பொத்தானோ, இடுப்புப்பட்டையோ இருந்தால், துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். எடுத்த இடத்திலேயே, எப்படி மடிந்திருந்ததோ அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தவர், இதை உங்களிடம் கொடுத்தவர் யார் என்பதை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதி அதனோடு வையுங்கள்; பேனாவால் எழுத வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் மை கசிந்து துணியில் இறங்கிவிடும்.